கோடரி பிடித்தவர் காட்டைக் காத்தார்

1891-ம் ஆண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மலைக்காட்டில் ஒரு மரத்தை வெட்டினார்கள்.

அது சாதாரண மரம் அல்ல. அடிமரத்தைச் சுற்றி அளந்தால் 90 அடி! பதினைந்து பேருக்கு மேல் கைகோத்து நின்றால்தான் அதை வளைத்துப் பிடிக்க முடியும்.

அந்த மரத்தைச் சாய்க்க 13 நாட்கள் ஆயின. சாய்ந்த பிறகு, அடிமரத்திலிருந்து வட்டமாக ஒரு துண்டை அறுத்து நியூயார்க் நகரத்துப் பொருட்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். ஊசியிலை மரங்களில் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். அந்தத் துண்டில் இருந்த வளையங்களை எண்ணினார்கள். 1,300-க்கும் அதிகமாக இருந்தன!

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ஆண்டு வளர்ச்சி, ஒரு நாள் வேலையில் முடிந்துவிட்டது.

இப்படி ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. மிச்சம் இருந்த மரங்களையாவது காப்பாற்ற வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜான் மியூர்.

அவர் கோடரியைத் தொட்டே அறியாத கனவான் அல்ல. சிறு வயதிலேயே மரம் வெட்டியவர். மரம் அறுக்கும் ஆலையைத் தம் கையாலேயே கட்டி ஓட்டியவர். வெட்டுகிறவனின் வேர்வையும் அவருக்குத் தெரியும், வெட்டுப்படும் மரத்தின் அருமையும் தெரியும்.

சிறுவன் கையில் கோடரி

ஜான் மியூர் 1838-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி பிறந்தார். ஸ்காட்லாந்து நாட்டில் டன்பார் என்ற கடற்கரை ஊர் அவருடைய சொந்த ஊர். எட்டுப் பிள்ளைகளில் அவர் மூன்றாவது பிள்ளை.

1849-ம் ஆண்டு தகப்பனார் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஜானும் கூடப் போனார். அப்போது அவருக்கு 11 வயதுகூட நிறையவில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தில் காட்டு நிலம் வாங்கினார்கள். காட்டை அழித்தால்தான் கழனி. சிறுவன் ஜான் கையில் கோடரி ஏறியது. மரத்தை வெட்டினான். வேர்க் கட்டைகளைத் தோண்டி எடுத்தான். முறுக்கேறிய ஓக் மரங்களைப் பிளந்து வேலிக்கழிகள் போட்டான். கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு நாளைக்கு 100 கழிகள் வெட்டிப் பிளந்தான்!

தகப்பனார் கண்டிப்பானவர். மூத்த மகனிடம் பெரியவர்கள் செய்யும் வேலையை வாங்கினார். பின்னர் வேறு நிலம் வாங்கியபோது அங்கே கிணறு தோண்டும் வேலையும் ஜானுக்கே வந்தது. 90 அடி ஆழம். பத்தடிக்குக் கீழே கல். உளியும் சுத்தியலும் கொண்டு தனி ஆளாகக் கொத்தினார்.

ஒரு நாள் காலை கிணற்றின் அடியில் விஷக்காற்று தேங்கி நின்றது. இறங்கியவர் மயங்கிச் சாய்ந்தார். உயிர் போகும் நேரத்தில் மேலே இழுத்தார்கள். இரண்டொரு நாள் கழித்து மறுபடியும் அதே கிணற்றில் இறங்கினார்!

மரத்தால் ஒரு கடிகாரம்

பகல் முழுவதும் வேலை. படிக்க நேரம் இல்லை. இரவிலும் விழித்திருக்கத் தகப்பனார் விடமாட்டார். விடியுமுன் எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் எழுந்துகொள்ள மட்டும் அனுமதி உண்டு.

ஜான் நள்ளிரவு ஒரு மணிக்கே எழுந்தார். மரத்தைச் செதுக்கிக் கடிகாரம் செய்தார். குறித்த நேரத்தில் கட்டிலைச் சாய்த்து, தூங்குகிறவரை எழுப்பிவிடும் ஒரு பொறியையும் செய்தார்!

1860-ம் ஆண்டு மாநிலப் பொருட்காட்சியில் இவற்றை வைத்தார். கூட்டம் அலைமோதியது. அதன் பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தாவரங்களைப் பற்றிப் படித்தார். பட்டம் வாங்காமலே 1863-ல் வெளியேறினார்.

கனடாவுக்குப் போய் ஒரு மர ஆலையில் வேலை பார்த்தார். துடைப்பத்துக்கும் வைக்கோல் வாருகோலுக்கும் கைப்பிடி செய்யும் ஆலை அது. 1866-ல் அது தீப்பிடித்து எரிந்தது. அமெரிக்காவுக்குத் திரும்பி, இண்டியானாபோலிஸ் நகரில் வண்டி உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார்.

பார்வை போய் வந்தது

1867 மார்ச் மாதம். இயந்திரத்தில் ஓடும் தோல் வாரை அரத்தின் முனையால் நெம்பினார். அரம் நழுவியது. வலது கண்ணில் குத்தியது! அந்தக் கண் இருண்டது. சற்று நேரத்தில் இடது கண்ணும் மங்கிவிட்டது.

பல வாரங்கள் இருட்டறையில் படுத்திருந்தார். இனி மரம், செடி, பூ எதையும் பார்க்க முடியாதோ என்று கலங்கினார். நல்ல வேளை! மெல்ல மெல்லப் பார்வை திரும்பியது.

அந்த இருட்டறையிலிருந்து வெளியே வந்தவர் வேறு மனிதர். இனி தொழிற்சாலை வேண்டாம், இயற்கையைப் பார்ப்பதே வாழ்க்கை என்று முடிவு செய்தார். ஏறத்தாழ ஆயிரம் மைல் நடந்து கடற்கரை மாநிலமான புளோரிடாவை அடைந்தார். 1868-ல் கப்பல் ஏறிக் கலிபோர்னியா வந்து சேர்ந்தார்.

ஆலை கட்டினார், மரம் வெட்டவில்லை

கலிபோர்னியாவில் சியாரா நெவாடா என்று ஒரு மலைத்தொடர். அதில் யோசெமிட்டி என்ற அழகிய பள்ளத்தாக்கு. அங்கே விடுதி நடத்திய ஒருவருக்கு அறைகள் கட்டப் பலகை தேவைப்பட்டது. 1869-ல் ஜான் மியூர் அவருக்கு ஓர் ஆலை கட்டிக் கொடுத்தார். தண்ணீர் விசையால் ஓடும் ரம்ப ஆலை. அதை நடத்தும் பொறுப்பும் அவருடையதே.

அந்த ஆலையில் அவர் அறுத்தவை புயலில் விழுந்து கிடந்த மரங்கள்தாம். நிற்கும் மரத்தை வெட்டவில்லை. வேலை இல்லாத நேரத்தில் மலை ஏறினார். பாறைகளைப் பார்த்தார். பனியாறுகள் செதுக்கிய பள்ளத்தாக்கு இது என்று எழுதினார். பெரிய விஞ்ஞானிகள் முதலில் சிரித்தார்கள். பிறகு, பனியாற்றுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள்.

மரங்களின் அரசன்

அந்த மலைத்தொடரில்தான் செக்கோயா மரங்கள் இருக்கின்றன. வேறு எங்கும் இவை காடாக இல்லை.

செக்கோயா ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது. உலகத்திலேயே பருமனான மரம் ஒரு செக்கோயாதான். ஜெனரல் ஷெர்மன் என்று அதற்குப் பெயர். உயரம் 275 அடி. மூன்று தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் அந்த உயரம் வரும். சில செக்கோயாக்களின் பட்டை மட்டுமே 2 அடி தடிமன். ஆனால் காய் கோழி முட்டை அளவு. விதை சீரகம் அளவு!

1852-ல் இந்த மரங்களைப் பற்றிய செய்தி வெளியே பரவியது. மறு ஆண்டே ஒரு மரத்தை வெட்டிவிட்டார்கள். அவ்வளவு பெரிய மரத்தை அறுக்க ரம்பம் கிடைக்கவில்லை. நீளமான துறப்பணங்களால் சுற்றிலும் துளை போட்டார்கள். 22 நாள் பாடுபட்டுச் சாய்த்தார்கள். எதற்காக? ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காசுக்குக் காட்டுவதற்காக! மிஞ்சிய அடிக்கட்டை நடன மேடை ஆயிற்று.

1875-ம் ஆண்டு ஜான் மியூர் ஒரு கோவேறு கழுதையுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். செக்கோயாக் காடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று நடந்தே பார்த்தார். காட்டின் ஓரங்களில் ரம்ப ஆலைகளின் சத்தம் கேட்டது. மறு ஆண்டு, காட்டைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். அரசாங்கம் அசையவில்லை.

1880-ல் திருமணம் நடந்தது. மனைவி பெயர் லூயி. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். மாமனாரின் பழத்தோட்டத்தைக் கவனித்து நன்றாகப் பணம் சேர்த்தார். பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின.

1889-ல் ஒரு பத்திரிகை ஆசிரியர் அவருடன் மலைக்கு வந்தார். எழுதுங்கள், நான் வெளியிடுகிறேன் என்று தூண்டினார். மியூர் எழுதினார். நாடே படித்தது.

1890-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி யோசெமிட்டியைச் சுற்றியுள்ள மலைப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. அதற்குச் சில நாட்கள் முன்புதான் செக்கோயா தேசியப் பூங்காவும் அமைந்தது. அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் விசேலியா என்ற ஊரின் பத்திரிகை ஆசிரியர் ஜார்ஜ் ஸ்டூவர்ட். ஜெனரல் கிரான்ட் என்ற பெருமரம் நிற்கும் தோப்புக்கும் காவல் கிடைத்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஆனால் எல்லா மரமும் தப்பவில்லை. ஜெனரல் கிரான்ட் தோப்பிலிருந்து சில மைல் தூரத்தில் கான்வர்ஸ் பள்ளம் என்று ஓர் இடம். உலகத்தின் மிகப் பெரிய செக்கோயாக் காடுகளில் அதுவும் ஒன்று. அது பூங்கா எல்லைக்கு வெளியே இருந்தது. தனியாருக்குச் சொந்தமாகிவிட்டது.

எப்படி? 1878-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு குடிமகன் 160 ஏக்கர் காட்டு நிலத்தை, ஏக்கர் இரண்டரை டாலர் விலையில் அரசாங்கத்திடம் வாங்கலாம். தன் சொந்த உபயோகத்துக்கு என்று சத்தியம் செய்ய வேண்டும். மரக் கம்பெனிகள் பல பேர் பெயரில் நிலத்தை வாங்க வைத்தன. பிறகு தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டன!

1890-களில் கான்வர்ஸ் பள்ளத்தில் வெட்டு வேலை தொடங்கியது.

மரம் வெட்டிகளின் ஒரு நாள்

அங்கே வேலை செய்தவர்களின் பாடு சாமானியமானது அல்ல.

பலகைக் கொட்டகையில்தான் படுக்கை. விடியுமுன் எழுந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். பொழுது சாயும் வரை வேலை. வாரத்தில் ஆறு நாள்.

செக்கோயாவின் அடிப்பகுதி பருத்து விரிந்திருக்கும். அங்கே வெட்ட முடியாது. ஆகவே மரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி, மேலே ஏறி நிற்பார்கள். முதலில் தடித்த பட்டையை உரிப்பார்கள்.

மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ, அந்தப் பக்கத்தில் கோடரியால் வாய் வெட்டுவார்கள். பெரிய மரமானால் அந்த வாய்க்குள் ஓர் ஆள் நிற்கலாம்! அதற்கே பல நாள் ஆகும்.

அடுத்து எதிர்ப்பக்கம் ரம்பம் போடுவார்கள். கடையில் விற்கும் ரம்பம் நீளம் போதாது. இரண்டு ரம்பங்களைச் சேர்த்துப் பற்றவைத்து, 20 அடிக்கு மேல் நீளமாக்குவார்கள். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். மரத்தின் பாரம் ரம்பத்தை நசுக்காமல் இருக்க, அறுத்த பிளவில் ஆப்பு வைத்து அடித்துக்கொண்டே போவார்கள்.

ஆப்பு உள்ளே போகப் போக மரம் சாயத் தொடங்கும். உள்ளே நார் அறுபடும் சத்தம் துப்பாக்கி வெடிப்பது போல் கேட்கும். எல்லோரும் சாரத்தை விட்டு இறங்கி ஓட வேண்டும். மேலேயிருந்து ஒரு கிளை முறிந்து விழுந்தாலும் ஆள் பிழைப்பது கஷ்டம்.

விழுந்த மரத்தை இழுக்க நீராவி இயந்திரம். அதில் கம்பி வடம் சுற்றியிருக்கும். ஆலை வாயில் நுழையாத அளவு பெரிய கட்டைகளை வெடிமருந்து வைத்துப் பிளப்பார்கள். அறுத்த பலகைகள் மரத்தால் கட்டிய நீர்க்கால்வாயில் மிதந்து மலையிறங்கும். சாங்கர் என்ற ஊர் வரை 54 மைல்! வழியில் பலகை சிக்கினால் நீக்கிவிடக் காவல்காரர்கள் கால்வாய் ஓரத்திலேயே குடியிருந்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டும் பலன் என்ன?

செக்கோயா மரம் நொறுங்கும் தன்மை உடையது. அவ்வளவு உயரத்திலிருந்து விழும்போது கண்ணாடி போல் சிதறியது. விழும் இடத்தில் கிளைகளைப் பரப்பி மெத்தை போட்டுப் பார்த்தார்கள். அப்படியும் ஏராளமான மரம் வீணாயிற்று. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டு நின்ற மரம், திராட்சைக் கொடிக்கு ஊன்றுகோலாகவும் வேலிக் கம்பமாகவும் கூரை வேயும் சிறு பலகையாகவும் போய்ச் சேர்ந்தது!

கான்வர்ஸ் பள்ளத்தில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பெருமரங்கள் விழுந்தன என்பது கணக்கு. அங்கே மிஞ்சிய ஒரு கட்டையின் வளையங்களைப் பிற்காலத்தில் எண்ணினார்கள். அந்த மரத்தின் வயது 3,200-க்கும் மேல்!

இவ்வளவு வெட்டியும் கம்பெனிக்குப் பெரிய லாபம் கிடைக்கவில்லை என்பதுதான் வேதனை.

பேனா என்ற ஆயுதம்

மியூர் மரமே வெட்டக்கூடாது என்று சொல்லவில்லை. வீடு கட்டப் பலகை வேண்டும், விளைநிலத்துக்கு இடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவரே காடு திருத்திய குடும்பத்துப் பிள்ளை அல்லவா? வீணாக்குவதைத்தான் அவர் எதிர்த்தார். பொதுச்சொத்தைச் சிலர் ஏமாற்றி எடுத்துக்கொள்வதை எதிர்த்தார். மரம் ஓடித் தப்ப முடியாது, ஆகவே அரசாங்கம்தான் அதற்குக் காவல் நிற்க வேண்டும் என்றார்.

1892-ல் சியாரா சங்கம் என்ற அமைப்பு தோன்றியது. மியூர் அதன் முதல் தலைவர். சாகும் வரை அவரே தலைவர்.

1897 பிப்ரவரியில் ஜனாதிபதி கிளீவ்லாந்து 2 கோடியே 10 லட்சம் ஏக்கர் காடுகளைக் காப்புக் காடுகளாக அறிவித்தார். மரக் கம்பெனிகளும் சுரங்க முதலாளிகளும் எதிர்த்தார்கள். மியூர் மறுபடியும் பேனாவை எடுத்தார். அவருடைய கட்டுரைகளால் மக்கள் ஆதரவு காடுகளின் பக்கம் திரும்பியது.

ஜனாதிபதியுடன் மூன்று இரவுகள்

1903 மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் யோசெமிட்டிக்கு வந்தார். விருந்து, வரவேற்பு எல்லாம் தயாராக இருந்தன. ரூஸ்வெல்ட் அவற்றைத் தட்டிக்கழித்துவிட்டு, மியூருடன் காட்டில் தங்கினார். மூன்று இரவுகள்! முதல் இரவு செக்கோயா மரங்களின் அடியில் படுக்கை. இரண்டாம் இரவு பனி கொட்டியது. விடிந்து எழுந்தபோது போர்வை மேல் பனி படிந்திருந்தது. ஜனாதிபதி குழந்தை போல் மகிழ்ந்தார்.

அந்த இரவுகளில் மியூர் காடுகளுக்காக வாதாடினார். மாநில அரசின் கையில் இருந்த யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் 1906-ல் தேசியப் பூங்காவுடன் சேர்ந்தது.

ரூஸ்வெல்ட்டுடன் தங்கிய அதே ஆண்டில் மியூர் உலகப் பயணம் புறப்பட்டார். இந்தியாவுக்கும் வந்தார். இமயமலையைப் பார்த்தார். சிம்லா பக்கத்துத் தேவதாருக் காடுகளைக் கண்டு மகிழ்ந்தார். 65 வயதிலும் மரம் பார்க்கும் ஆசை அவருக்குத் தணியவில்லை.

பெயரும் தோல்வியும்

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு அருகில் செம்மரத் தோப்பு ஒன்று இருந்தது. செக்கோயாவுக்கு உறவான உயரமான ஊசியிலை மரங்கள். வில்லியம் கென்ட் என்ற செல்வர் அந்த நிலத்தை விலைக்கு வாங்கினார். ஒரு தண்ணீர்க் கம்பெனி அங்கே அணை கட்ட வழக்குத் தொடுத்தது. கென்ட் உடனே 295 ஏக்கரை நாட்டுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்! 1908-ல் அது பாதுகாக்கப்பட்ட இடம் ஆயிற்று. தம் பெயரை வைக்க வேண்டாம், மியூர் பெயரை வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மியூர் காடு என்றே அதற்குப் பெயர்.

ஆனால் கடைசிப் போரில் மியூர் தோற்றார். யோசெமிட்டி பூங்காவுக்கு உள்ளேயே ஹெட்ச் ஹெட்சி என்ற பள்ளத்தாக்கு. சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் குடிநீருக்காக அங்கே அணை கட்ட வேண்டும் என்றார்கள். பல ஆண்டுகள் எதிர்த்துப் போராடினார். 1913 டிசம்பரில் அணைக்குச் சட்டம் நிறைவேறியது.

அடுத்த ஆண்டு நிமோனியா காய்ச்சல் கண்டது. 1914 டிசம்பர் 24-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் காலமானார். வயது 76.

இன்றைய கோடரி

கான்வர்ஸ் பள்ளத்தில் கம்பெனி வெட்டாமல் விட்ட பெருமரம் ஒன்று இன்றும் நிற்கிறது. பூல் மரம் என்பது அதன் பெயர். வெட்டு வேலையை நடத்திய மேலதிகாரியின் பெயர் அது! சுற்றிலும் பழைய அடிக்கட்டைகள். அவற்றுக்கு நடுவே இளம் செக்கோயாக்கள் வளர்கின்றன. 2000-ம் ஆண்டில் அந்தக் காடும் தேசியப் பாதுகாப்பின் கீழ் வந்தது.

இப்போது செக்கோயாவுக்கு வந்திருக்கும் ஆபத்து தீ. சிறு தீ அந்த மரத்துக்கு நன்மை. சூட்டில்தான் காய்கள் விரிந்து விதை கொட்டும். அங்கே வாழ்ந்த பூர்வ குடிமக்கள் காலாகாலத்தில் சிறு தீ வைத்துக் காட்டைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாத் தீயையும் அணைத்தார்கள். அதனால் பெருமரங்களின் காலடியில் சிறு மரங்கள் நெருக்கமாக முளைத்துவிட்டன. வறட்சியும் வெப்பமும் கூடின. தீப்பிடித்தால் சிறு மரங்களே ஏணி ஆகிவிடுகின்றன. தீ உச்சிக்கு ஏறுகிறது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுத் தீயில் மட்டும், உலகில் இருந்த பெரிய செக்கோயாக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அழிந்துவிட்டன. 2021-ல் ஜெனரல் ஷெர்மன் மரத்தின் அடியைத் தீ தாங்கும் அலுமினியத் தகட்டால் சுற்றிக் காப்பாற்றினார்கள்.

ஆகவே இன்றும் அந்தக் காடுகளுக்கு மரம் வெட்டும் ஆட்கள் போகிறார்கள். பெருமரத்தை வெட்ட அல்ல. அதன் காலடியில் நெருக்கும் சிறு மரங்களை வெட்டிக் காட்டைத் திருத்துவதற்காக!

அன்று பெருமரத்தைச் சாய்க்கப் போன ரம்பம், இன்று அதற்குக் காவலாகப் போகிறது. எதை வெட்டலாம், எதை விட வேண்டும் என்று மக்களை யோசிக்க வைத்தவர், ஒரு காலத்தில் நாளைக்கு 100 கழி பிளந்த அந்தச் சிறுவன்தான்.